சக ஊழியர்களிடையே நம்பிக்கை: குழு விளையாட்டு எதைச் செய்யும், எதைச் செய்யாது

மாத இறுதிக் கணக்கைப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போகிறார். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் அவர் தூங்கப் போனால், இருவருக்கும் இடையே நம்பிக்கை இருக்கிறது. மூன்று முறை கேட்டால் இல்லை. தவறினால் நமக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் ஒரு வேலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, தோளுக்குப் பின்னால் நின்று பார்க்காமல் இருக்கத் துணிவதுதான் பணியிட நம்பிக்கை.

தமிழில் 'நம்பிக்கை' பல பொருள் சுமக்கும் சொல். கடவுள் நம்பிக்கை, தன்னம்பிக்கை, நாளை விடியும் என்ற நம்பிக்கை எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அதனால், "நமக்குள் நம்பிக்கை வளர வேண்டும்" என்று மேலாளர் சொன்னால் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 'எல்லாரும் சிரித்துப் பேச வேண்டும்' என்று புரிந்துகொண்டு பௌலிங் போவதோடு கதை முடிகிறது. பௌலிங்கில் தவறில்லை. ஆனால் சொன்ன நாளில் வேலையை முடிக்காத ஒருவர், பத்துப் பின்களையும் ஒரே வீச்சில் சாய்த்துக் காட்டினாலும் திங்கட்கிழமை யாரும் அவரைக் கூடுதலாக நம்பப்போவதில்லை.

முதலில் எது குறைகிறது என்று பாருங்கள்

1995-இல் மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: திறமை, நல்லெண்ணம், நேர்மை. இன்றைக்கும் தொடக்கநிலையாளருக்கு இதைவிட உதவும் பிரிப்பு கிடையாது என்றே சொல்லலாம்.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது எல்லாரும் இரண்டடி கூடுதலாக விலகி நின்றால், ஐயம் அவர் திறமை மேல். ஒரு பெட்டி உடைந்ததும் ஷிஃப்ட்டில் இருந்த நால்வரும் உடனே "நான் அந்தப் பக்கமே வரவில்லை" என்றால், குறைவது நல்லெண்ணம்: அடுத்தவர் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்ற பயம். மேற்பார்வையாளர் "அடுத்த மாதம் ரோஸ்டரை மாற்றித் தருகிறேன்" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், குறைவது நேர்மை. பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை, சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி விழுந்தாலே போதும்.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. திறமையில் ஐயம் என்றால் வேலையைச் செய்து காட்டும் வாய்ப்பு வேண்டும். அதற்கு விளையாட்டு தேவையில்லை, பயிற்சியும் ஒத்திகையும் போதும். நல்லெண்ணத்தில் ஐயம் என்றால்தான் குழு நடவடிக்கைக்கு உண்மையான வேலை இருக்கிறது. நேர்மையில் ஐயம் என்றால் நடவடிக்கை பாதிதான் செய்யும். மீதிப் பாதி அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரத்தில் இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

உங்கள் குழுவில் எது குறைகிறது என்று தெரியவில்லையா? மின்னஞ்சல்களைப் பாருங்கள். சாதாரணக் கேள்விக்குக்கூட மேலாளரை சிசி-யில் சேர்க்கிறார்களா? அப்படியானால், பின்னால் சாட்சி தேவைப்படும் என்று நினைக்கிறார்கள்.

கண்ணை மூடிப் பின்னால் சாய்வது வேண்டாம்

குழு நடவடிக்கை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஒருவர் கண்ணை மூடிப் பின்பக்கம் சாய, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் அந்த விளையாட்டுதான். விட்டுவிடுங்கள். தரையில் மண்டை மோதும் ஆபத்து ஒரு பக்கம். ஆணும் பெண்ணும் தொட்டுப் பிடிப்பதில் சங்கடப்படுவோர் எந்தச் சிங்கப்பூர் அலுவலகத்திலும் இருப்பார்கள், அவர்களால் வெளிப்படையாக மறுக்கவும் முடியாது. இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நம் உடலைத் தாங்கிப் பிடித்தவர் நம் தவறையும் தாங்கிப் பிடிப்பார் என்று எப்படித் தெரியும்? அலுவலகத்தில் நாம் பயப்படுவது கீழே விழுவதற்கு அல்ல, அசடு வழிவதற்கு. எனவே நடவடிக்கையும் அந்தச் சின்னச் சங்கடத்தைத்தான் தொட வேண்டும்: "எனக்குத் தெரியவில்லை", "நான் தப்புப் பண்ணிட்டேன்", "நீங்கள் சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன்". இந்த மூன்றில் ஒன்றை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, அதனால் அவருக்கு ஒரு கெடுதலும் வராமல் போனதை மற்றவர்கள் பார்க்க வேண்டும். நடவடிக்கை இதற்கு இடம் கொடுத்தால் போதும்.

போட்டி என்ற பொறி

டெலிமேட்ச், கேப்டன்ஸ் பால், கயிறிழுப்பு. பள்ளியில் விளையாடியது என்பதால் சிங்கப்பூரில் ஏற்பாட்டுக் குழுவின் கை தானாக இங்கேதான் போகிறது. விற்பனைப் பிரிவு ஒரு பக்கம், செயல்பாட்டுப் பிரிவு மறுபக்கம் என்று பிரித்துவிட்டால் உற்சாகம் பொங்கும். ஏற்கெனவே இருக்கும் விரிசலும் அகலமாகும்.

இது நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். 1954-இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு முகாமில் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். பேஸ்பாலும் கயிறிழுப்பும் நடந்தன. சில நாளிலேயே ஒருவர் கொடியை மற்றவர் எரிப்பது, இரவில் அறைக்குள் புகுந்து கலாட்டா செய்வது என்று ஆகிவிட்டது. இரு தரப்பையும் ஒரே இடத்தில் சாப்பிட வைத்தார்கள், படம் பார்க்க வைத்தார்கள்; சண்டை குறையவில்லை. முகாமின் தண்ணீர் நின்றுபோய் இரு தரப்பும் சேர்ந்து தேட வேண்டி வந்தது, சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பிறகுதான் பகை கரையத் தொடங்கியது. லாரியை இழுத்தது, முன்பு கயிறிழுப்புக்குப் பயன்பட்ட அதே கயிற்றால்.

நமக்கு இதில் இரண்டு செய்தி. சேர்ந்து சாப்பிடுவது மட்டும் போதாது. ஓட்டலில் நடக்கும் வருடாந்திர விருந்து நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை என்று கணக்கில் எழுத வேண்டாம். இரண்டாவது: போட்டி வைத்தே ஆக வேண்டும் என்றால் பிரிவுகளைக் கலந்து அணி போடுங்கள். அல்லது எல்லாரும் ஒரே அணி, எதிரணி கடிகாரம் என்று வையுங்கள்.

ஒரு நடவடிக்கை, முழு விவரத்தோடு

ஸ்பாகெட்டி கோபுரம். வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கி, டாம் வூஜெக் 2010-இல் ஆற்றிய உரையால் உலகெங்கும் பரவிய பயிற்சி. 12 பேர் குழுவுக்கு இப்படிச் செய்யுங்கள்.

நாலு நாலு பேராக மூன்று அணி. ஒவ்வோர் அணிக்கும் வேகவைக்காத ஸ்பாகெட்டி 20 குச்சி, ஒட்டுநாடா 90 சென்டிமீட்டர், நூல் 90 சென்டிமீட்டர், ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சுபோன்ற மிட்டாய்), ஒரு கத்தரிக்கோல். ஸ்பாகெட்டி 500 கிராம் பொட்டலம் ஒன்று தாராளம். நேரம் 18 நிமிடம். தானாக நிற்கும் கோபுரத்தைக் கட்டி, அதன் உச்சியில் மார்ஷ்மெல்லோவை முழுதாக வைக்க வேண்டும். மேசையிலிருந்து மார்ஷ்மெல்லோவின் உச்சிவரை அளக்கப்படும் உயரம்தான் கணக்கு. மணி அடித்ததும் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். பிடித்துக்கொண்டு நின்றால் செல்லாது.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் சொதப்பும். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். சாப்பிடப் போவதில்லை என்றாலும் ஹலால் முத்திரை உள்ளதை வாங்குங்கள். சைவர்கள் தொடத் தயங்கினால் அதே எடையில் களிமண் உருண்டை போதும். பொட்டலத்தை முதல் நாளே திறந்து வைக்காதீர்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். ஏர்கான் காற்று நேராக மேசையில் அடிக்கக் கூடாது. ஒட்டுநாடா காகித நாடாவாக இருக்கட்டும்; கையால் கிழிக்கலாம், பிரித்து மறுபடி ஒட்டலாம்.

இனி என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல் சில நிமிடம் யார் தலைமை என்று தெரியாமல் நழுவும். அப்புறம் காகிதத்தில் வரைபடம். பதினைந்தாவது நிமிடம் கோபுரம் அழகாக நிற்கும். பதினேழாவது நிமிடம் மார்ஷ்மெல்லோவை உச்சியில் வைப்பார்கள். மொத்தமும் வளைந்து சாயும். லேசான பஞ்சு உருண்டை என்று நினைத்தது, மெல்லிய குச்சிகளுக்குப் பெரும் பாரம். மழலையர் பள்ளிக் குழந்தைகள் இதில் வணிகக் கல்வி மாணவர்களைவிடச் சிறப்பாகச் செய்வதாக வூஜெக் சொல்கிறார். குழந்தைகள் தொடக்கத்திலேயே உருண்டையை வைத்துப் பார்த்து, விழ விழத் திருத்திக்கொள்கிறார்கள். யார் தலைவர் என்ற இழுபறியிலும் அவர்கள் நேரம் போவதில்லை.

பலர் இந்த இடத்தில் சிரித்து, படம் எடுத்து, பரிசு கொடுத்து முடித்துவிடுகிறார்கள். சோறு பொங்கி இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவது மாதிரி. விளையாட்டுக்கு 18 நிமிடம் என்றால் பேச்சுக்குக் குறைந்தது 20 நிமிடம் ஒதுக்குங்கள்.

பேச்சை எப்படி நடத்துவது

தேசிய சேவை செய்தவர்களுக்கு ஏஏஆர் (After Action Review) பழக்கமானது: பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து, என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன மாற்றுவோம் என்று பேசுவது. அமெரிக்க இராணுவத்தில் தொடங்கிய பழக்கம். அதே நான்கு கேள்வி இங்கேயும் போதும். அதோடு ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நடவடிக்கையின் உயிர் அதில்தான் இருக்கிறது:

"உருண்டை கனமாக இருக்கும் என்று யாருக்காவது முதலிலேயே தோன்றியதா? தோன்றியிருந்தால், ஏன் சொல்லவில்லை?"

பெரும்பாலும் ஒருவராவது கை தூக்குவார். அவர் வயதில் இளையவராகவோ, புதிதாகச் சேர்ந்தவராகவோ, குழுவில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரியாதவராகவோ இருப்பார். "எல்லாரும் மும்முரமாக இருந்தீர்கள், அதான்..." என்பார். அலுவலகத்திலும் இதே ஆள் இதே காரணத்துக்காக எத்தனை விஷயத்தைச் சொல்லாமல் விழுங்கியிருப்பார் என்று அப்போது மற்றவர்களுக்கு உறைக்கும்.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மூத்தவரை 'அண்ணே', 'அக்கா' என்று கூப்பிட்டுவிட்டால் அந்த நெருக்கத்தோடு ஓர் அடக்கமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. "அண்ணே, இது விழப்போகுது" என்று சொல்வதைவிட, விழட்டும் என்று சும்மா இருப்பது மரியாதை என்று ஆகிவிடுகிறது. முறைவைத்துக் கூப்பிடுவதை விட வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பேச்சில் இளையவர் முதலில், மூத்தவர் பிறகு, மேலாளர் கடைசியில் என்ற வரிசையைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். மேலாளர் முதலில் பேசினால் அதன் பிறகு வருவதெல்லாம் அவர் பேச்சின் எதிரொலிதான்.

வாயால் சொல்லக் கூச்சப்படுவோருக்காக, பேச்சுக்கு முன் ஆளுக்கொரு சின்ன அட்டை கொடுத்து, பெயர் போடாமல் மூன்று நிமிடம் எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம். நடத்துபவர் கலைத்துப்போட்டு வாசிக்கட்டும்.

இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மருத்துவமனைத் தாதியர் குழுக்கள் மருந்து கொடுப்பதில் செய்யும் தவறுகளைப் பற்றியது. நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் வந்தது நேர்மாறு: நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூடுதல். அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அதற்குப் பொருள் இல்லை. செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். பின்னர் 1999-இல் அவர் இதையே, பேசினால் தண்டனை வராது என்று குழுவுக்குள் நிலவும் உளப் பாதுகாப்பு என்று விளக்கினார். உங்கள் குழுவில் ஒரு தவறுகூட வெளியே வருவதில்லை என்றால் பெருமைப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

செலவே இல்லாத இரண்டு

எல்லாவற்றுக்கும் மண்டபம் எடுக்க வேண்டியதில்லை. முதலாவது, 'என்னோடு வேலை செய்வது எப்படி' என்ற அட்டை. ஒவ்வொருவரும் நான்கு வரி எழுத வேண்டும்: எந்த நேரத்தில் என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவசரம் என்றால் எப்படிக் கூப்பிடுங்கள், நான் கோபமாக இருப்பதுபோல் தெரிந்தால் உண்மையில் என்ன, எதில் எனக்கு உதவி தேவைப்படும். எழுத ஐந்து நிமிடம், ஆளுக்கு ஒரு நிமிடம் வாசிக்க. "காலை ஒன்பதரை வரை சிஸ்டத்தில் ஆர்டர் ஏற்றுகிறேன், அப்போது கேட்டால் முகத்தைச் சுளிப்பேன், உங்கள் மேல் கோபமில்லை" என்று ஒருவர் வாசித்தால், பல நாள் தப்பெண்ணம் ஒரே வரியில் போய்விடும். சொந்த வாழ்க்கைக் கேள்விகள் வேண்டாம். கல்யாணம் ஆயிடுச்சா, எத்தனை பிள்ளை, வீடு வாங்கியாச்சா என்று கேட்பது நமக்கு அக்கறை. பதில் சொல்பவருக்கு அது முள்ளாக இருக்கலாம்.

இரண்டாவது, கேட்பதும் கொடுப்பதும். இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள். மஞ்சளில் 'இந்த வாரம் எனக்கு வேண்டிய உதவி', பச்சையில் 'என்னால் கொடுக்க முடிந்தது'. 12 பேருக்கு 24 தாள். சுவரில் ஒட்டி, பொருந்துகிற ஜோடியை நாளோடு எழுதி வையுங்கள். "எக்செல் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றால் போதாது. "புதன் மாலை நாலு மணிக்கு, அரை மணி நேரம்" என்று இருக்க வேண்டும். மேலாளர் முதலில் ஒட்ட வேண்டும், அதுவும் உண்மையான குறையை. "எனக்கு நேரம்தான் வேண்டும்" என்று ஒட்டினால் மற்றவர்களும் அதே மாதிரி வழுவழுவென்று எதையாவது எழுதிவிட்டுப் போவார்கள். ஓர் எச்சரிக்கை: ஒத்துக்கொண்ட உதவியைச் செய்யாமல் விட்டால், இந்த விளையாட்டே நடக்காமல் இருந்ததைவிட மோசம். எல்லார் முன்னிலையிலும் கொடுத்த வாக்கு அல்லவா.

சிங்கப்பூரில் நடத்தும்போது

வெளியில் என்றால் காலை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடியுங்கள். பிற்பகலில் வெயில் வாட்டும், இல்லாவிட்டால் இடியோடு மழை கொட்டும். மின்னல் அபாயம் இருந்தால் பாசிர் ரிஸ் கடற்கரையிலோ திறந்த திடலிலோ நின்றுகொண்டு "இன்னும் ஐந்து நிமிடம்" என்று இழுக்காதீர்கள். கூரையுள்ள மாற்று இடத்தை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

உணவில் ஹலால், சைவம் இரண்டும் கேட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முட்டை சாப்பிடாத சைவர், வெங்காயம் பூண்டு சேர்க்காத பௌத்த சைவர், மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர் எல்லாரும் ஒரே அலுவலகத்தில் இருப்பார்கள். புரட்டாசியில் தமிழர்கள் பலர் சைவமாகிவிடுவார்கள். ரமலான் மாதத்தில் பகல் விருந்தும், வெள்ளிக்கிழமைகளில் தொழுகை நேரமான நண்பகல் 12.30 முதல் 2.30 வரை எந்த ஏற்பாடும் வேண்டாம். மது இருக்கும் இடத்துக்குத்தான் வர வேண்டும் என்ற நிலையை உண்டாக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையைத் தொடாதீர்கள். வெளிநாட்டு ஊழியர் பலருக்கு அதுதான் சமைக்க, துவைக்க, ஊருக்குப் பேசக் கிடைக்கும் ஒரே நாள். சம்பளம் ஓடும் வேலை நேரத்திலேயே நடத்தினால்தான் நிறுவனம் இதை மதிக்கிறது என்று தெரியும்.

மொழியைப் பற்றி ஒன்று. அணியில் நாலில் மூன்று பேர் தமிழர் என்றால் பேச்சு தானாகத் தமிழுக்கு வழுக்கும். நாலாவது ஆள் ஓரமாக நின்று புன்னகைத்துக்கொண்டிருப்பார். மாண்டரின் பேசும் அறையில் அந்தப் புன்னகையை நாமும் புன்னகைத்திருக்கிறோம். தொடங்கும் முன் பொதுமொழி எது என்று உரக்கச் சொல்லிவிடுங்கள்.

டிராகன் படகு பிடிக்கும் என்றால் நல்ல தேர்வுதான். முழுப் படகில் 20 துடுப்பாளர், ஒரு முரசறைபவர், ஒரு சுக்கான்காரர். முன்வரிசை இருவரின் தாளத்துக்கு மற்றவர்கள் துடுப்புப் போட வேண்டும். உடல்வலு மிக்க ஒருவர் தன் வேகத்துக்கு இழுத்தால் படகு வேகம் எடுக்காது, பின்னால் இருப்பவர் துடுப்பில் இடிக்கும். அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தும் பாடம். ஆனால் தண்ணீரைக் கண்டு பயப்படுபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. "எதற்கு வரவில்லை" என்று காரணம் கேட்கவும் கூடாது.

அடுத்த இரண்டு வாரம்

ஏஏஆர் பேச்சில் வந்த மாற்றங்களில் ஒன்றே ஒன்றை எடுத்து, யார், எந்த நாளுக்குள் என்று எழுதி, 14 நாளுக்குள் முடித்துக்காட்டுங்கள். "ஷிஃப்ட் மாறும்போது ஐந்து நிமிடம் நேரில் நின்று ஒப்படைப்போம்" என்ற அளவில் சின்னதாக இருக்கட்டும். பத்தை எழுதி ஒன்பதை விட்டால், முன்பு சொன்ன நேர்மைக் கணக்கில் கடன் ஏறும்.

பலன் வந்ததா என்று பார்க்க, 'மகிழ்ச்சியாக இருந்ததா, ஒன்று முதல் ஐந்து வரை' என்ற படிவம் பயன்படாது. சாப்பாடு நன்றாக இருந்தால் எல்லாரும் ஐந்து போடுவார்கள். எண்ணக்கூடியதை எண்ணுங்கள். ஆர்டர் தாமதமாகும் என்ற கெட்ட செய்தி முன்பு கடைசி நாளில் வந்தது, இப்போது எத்தனை நாள் முன்னால் வருகிறது? வாரக் கூட்டத்தில் மேலாளர் அல்லாதவர்கள் எத்தனை கேள்வி கேட்டார்கள்? தேவையில்லாத சிசி குறைந்ததா? தொடங்கும் முன் ஒரு வாரம், முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு வாரம் குறித்துக்கொண்டால் போதும்.

எப்போது நடத்தக் கூடாது

ஆட்குறைப்பு அறிவித்த வாரத்தில் வேண்டாம். கூடுதல் நேரச் சம்பளம் பாக்கி இருக்கும்போது வேண்டாம். ஒருவர் இன்னொருவரைத் துன்புறுத்துகிறார் என்று புகார் இருக்கும்போது, இருவரையும் ஒரே அணியில் போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். புகாரை விசாரிப்பதுதான் அங்கே வேலை. புண்ணைக் கழுவாமல் மேலே சந்தனம் பூசினால் உள்ளே சீழ் பிடிக்கும்.

பழைய சச்சரவால் இரண்டு பேர் மட்டும் ஒருவரையொருவர் நம்பவில்லை என்றால் அதற்காக 12 பேரையும் கோபுரம் கட்ட அழைக்காதீர்கள். அந்த இருவருக்கும் சேர்ந்து முடிக்க வேண்டிய ஒரு சிறிய வேலையைக் கொடுங்கள்: மாதாந்திரச் சரக்குக் கணக்கெடுப்பு, ஒருவர் எண்ண மற்றவர் பதிவுசெய்ய. ஒரு மணி நேர வேலையாக, நாள் குறித்து, முடிந்ததும் அடுத்த மாதம் பொறுப்பு மாறும்படி வையுங்கள். மூன்று மாதம் கணக்கு சரியாக வந்தால் நாலாவது மாதம் அவர்களே "நீங்க எண்ணிடுங்க, நான் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லக்கூடும். சொல்லாவிட்டாலும் சரக்குக் கணக்கு ஒழுங்காக இருக்கும்.